சனிக்கிழமை வந்த பிள்ளை

நவம்பர் 4, திங்கள்

காலையில் நாற்பது டோக்கன், மாலையில் முப்பத்தாறு. தீபாவளி முடிந்து மழை பிடித்ததிலிருந்து கோவில்பட்டிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தொண்டை வலிதான். வருகிற தாய்மார் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "அனலா கொதிக்குதுக்கா, சோறு எறங்க மாட்டேங்கு." எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. ரெஜினா டாக்டர் டார்ச் அடித்து, நாக்கை அமுக்கிப் பார்த்துவிட்டு, முக்கால்வாசிப் பேரை "மூணு நாள்ல தானா போயிரும்" என்று காய்ச்சல் மருந்தோடு அனுப்பிவிடுகிறார். சிலருக்குத்தான் ஆன்டிபயாடிக்.

இன்று டாக்டர் தன் கையால் ஒரு தாள் எழுதி, கவுன்டருக்கு உள்பக்கம் என் கண்ணுக்கு நேராக ஒட்டினார். "உலகம்மா, சீசன் மோசமா இருக்கு. இந்த நாலுல ஒண்ணைப் பாத்தாலும் டோக்கன் வேண்டாம், வரிசை வேண்டாம். நேரா உள்ள அனுப்பிரு" என்றார். மூச்சு விடும்போது சத்தம் வருவது, வலிப்பு, எச்சிலை விழுங்க முடியாமல் வாயில் வடிவது, கழுத்தைத் திருப்பாமல் துவண்டு கிடப்பது. என்னை ஒருமுறை வாசிக்கச் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாசித்தேன்.

எட்டு நாள் கழித்து இன்றுதான் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. நான் வருவதற்குள் என் கணவர், இவரே மூன்று டிரம்மையும் நிரப்பி வைத்திருந்தார்.

நவம்பர் 6, புதன்

வீட்டுக்கார அக்கா மாடியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள், பேரனுக்குச் சளியாம். "சனிக்கிழமைக்கு ஒரு டோக்கன் எடுத்து வச்சிரு உலகு." ஜவுளிக்கடை வீட்டிலிருந்தும் போன் வந்தது. இரண்டு எண்களை எடுத்து மேசை டிராயரில் வைத்துவிட வேண்டும். எட்டு வருஷமாக இந்தக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்தவர்களுக்கு இவ்வளவுகூடச் செய்யாவிட்டால் எப்படி? எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்வதுதான்.

போன மாதம் மேட்டுப்பட்டிக்காரி ஒருத்தி இதை வைத்துத்தான் சத்தம் போட்டாள். "ஆளு பாத்து டோக்கன் குடுக்கியளே, நாங்க மட்டும் என்ன தொக்கா?" என்று ஹாலில் அத்தனை பேர் முன்னால் கேட்டாள். டாக்டர் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தார். அப்படியெல்லாம் இல்லை டாக்டர் என்றேன். செண்பகவள்ளி என்று பதிவேட்டில் இருக்கிறது. பெயரை மறந்தாலும் முகத்தை மறக்க மாட்டேன்.

நவம்பர் 9, சனி

டாக்டர் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டும். அதனால் ஒரு மணிக்குமேல் பார்க்க மாட்டார், மாலையும் கிடையாது. பதினொன்றரைக்கெல்லாம் நாற்பது டோக்கனும் தீர்ந்துவிட்டது. வீட்டுக்கார அக்கா பேரனுக்கும் ஜவுளிக்கடை வீட்டுக்கும் முப்பத்தெட்டும் முப்பத்தொன்பதும் எடுத்து வைத்திருந்தேன்.

தீர்ந்த பிறகு அந்தச் செண்பகவள்ளி வந்தாள். நாலு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டிருந்தாள். வியாழக்கிழமையிலிருந்து காய்ச்சலாம். டோக்கன் முடிந்துவிட்டது என்றேன்.

"அப்ப கடைசியா பாக்கட்டும்க்கா. நான் வெளிய நிக்கேன்."

"டாக்டர் ஊருக்குக் கெளம்புதாக. திங்கட்கிழமை வாங்க."

"தண்ணிகூட முழுங்க மாட்டேங்குதுக்கா."

"இந்தச் சீசன்ல எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். இளஞ்சூட்டுல கஞ்சித் தண்ணி குடுங்க."

போன மாதம் போட்ட சத்தமெல்லாம் இன்று எங்கே போயிற்றோ, குரலே எழும்பவில்லை அவளுக்கு. பிள்ளை கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பாவாடைச் சட்டையின் முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. தண்ணீர் கொடுக்கும்போது கொட்டியிருப்பாள். அரை மணி நேரம் படிக்கட்டிலேயே நின்றுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கார அக்கா பேரனுக்கு ஒன்றுமில்லை, சளிதான். எனக்கு ஒரு டப்பாவில் அல்வா கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நவம்பர் 10, ஞாயிறு

துணி துவைத்தேன். மழை மூட்டத்தில் ஒன்றும் காயவில்லை.

நவம்பர் 11, திங்கள்

கதவைத் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மேட்டுப்பட்டி ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. செண்பகவள்ளி இறங்கி ஓடிவந்தாள். அவள் உள்ளே வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம் வந்துவிட்டது. பிள்ளை மூச்சை இழுக்கும்போதெல்லாம் துருப்பிடித்த கதவு மாதிரி ஒரு கிறீச்சல். ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் தாமாகவே எழுந்து வழிவிட்டார்கள்.

டாக்டர் படுக்கவைக்கக் கூடாது என்று கத்தினார். "மடியிலேயே உக்காரட்டும். வாயைத் தொறக்கச் சொல்லாதீங்க. அழ விடாதீங்க." ஆக்சிஜன் குழாயை முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டே 108-க்குப் போன் போடச் சொன்னார். தொண்டைக்குப் பின்னால் சீழ் கட்டி, மூச்சுக்குழாயை அமுக்குகிறதாம். திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ஆம்புலன்ஸ் வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. டாக்டர் அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"வியாழக்கிழமையிலேர்ந்து காய்ச்சல்னு சொல்றீங்க. இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிட்டு இருந்தீங்க?"

"சனிக்கிழமையே வந்தேன் டாக்டர். டோக்கன் இல்லன்னுட்டாக."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை அவள் மட்டும்தான் வந்தாள். பிள்ளையைக் கொண்டுவரவில்லை. அதைத்தான் டாக்டரிடம் சொன்னேன். "இவுக மட்டும் வந்து டோக்கன் கேட்டாக டாக்டர். பிள்ளை கூட இல்ல. இருந்தா உள்ள அனுப்பியிருப்பேனே" என்றேன்.

அவள் என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். பிள்ளை மறுபடியும் கிறீச்சென்று மூச்சை இழுத்தது. அவள் பிள்ளையின் பக்கம் குனிந்துவிட்டாள்.

"பிள்ளையைத் தூக்கிட்டு வராம டோக்கன் மட்டும் கேட்டா, கவுன்டர்ல இருக்கிறவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று டாக்டர் கோபமாகக் கேட்டார். ஹால் முழுக்கக் கேட்டிருக்கும். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

நவம்பர் 12, செவ்வாய்

நேற்றுச் சாயங்காலமே ஆபரேஷன் செய்து சீழை எடுத்துவிட்டார்களாம். டாக்டருக்குப் போன் வந்தது. பிள்ளை இன்னும் ஐ.சி.யூ.வில், தொண்டைக்குள் குழாயோடு இருக்கிறது. தர்ஷிகா என்று பெயர்.

நவம்பர் 13, புதன்

மருந்துக் கவுன்டரில் இருக்கும் மாரிக்கனிக்கு மேட்டுப்பட்டியில் சொந்தம் இருக்கிறது. மத்தியானம் சாப்பிடும்போது அவள் ஆரம்பித்தாள். "அந்தப் பொம்பளையைப் புருஷன் வீட்டுல கிழிகிழின்னு கிழிக்காகளாம்க்கா. பிள்ளையை வீட்டுல போட்டுட்டு இவ மட்டும் பஸ் ஏறி வந்துருக்கா, என்ன தைரியம் பாருங்க. புருஷன்காரன் போர்வெல் லாரியில ஆந்திராவுல கெடந்தானாம், ஓடி வந்துருக்கான். நீ பெத்த பிள்ளைதானேன்னு ஆஸ்பத்திரி வராந்தாவுல வச்சே கேட்டானாம்."

வயிறு சரியில்லை என்று சொல்லி ரசம் சாதத்தை மூடிவைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இந்த டைரியில் சனிக்கிழமைப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று எடுத்தேன். அதன் பின்பக்கத்தில் சிலிண்டர் பதிவு எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். அதனால் கிழிக்கவில்லை.

நவம்பர் 14, வியாழன்

காலை முப்பத்தெட்டு. மாலை முப்பது. குழந்தைகள் தினம் என்று டாக்டர் எல்லாப் பிள்ளைகளுக்கும் பலூன் கொடுக்கச் சொன்னார். ஊதி ஊதி எனக்குத் தலை சுற்றியது.

நவம்பர் 15, வெள்ளி

பிள்ளையின் தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறதாம். டாக்டர் சிரித்த முகமாக வெளியே வந்து எங்களிடம் சொன்னார். மாரிக்கனி கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் இன்று மேலோட்டமாகச் சொன்னேன். அந்தப் பிள்ளையை அன்றைக்கு நான் கொஞ்சம் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று தோன்றுகிறது என்றேன்.

"பிள்ளை பொழச்சிருச்சில்லா? பெறவு என்ன? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு. வேலை போச்சுன்னா வேற எவன் கூப்பிட்டுக் குடுப்பான்?" என்றார்.

அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது அசிங்கமாக இருக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

திருநெல்வேலிக்குப் போனேன். இவரிடம் சித்தி வீட்டுக்கு என்று சொன்னேன். ஆறு ஆரஞ்சும் ஒரு பொம்மைப் புத்தகமும் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரமும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

குழந்தைகள் வார்டு மாடியில் இருந்தது. மூன்றாவது கட்டிலில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. கழுத்து மெலிந்து, கையில் ஊசிக்குழாய் ஒட்டி, முகத்தில் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. செண்பகவள்ளி தரையில் சேலையை விரித்து உட்கார்ந்து டம்ளரில் பாலை ஆற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது. எழுந்திருக்கவில்லை. வாங்க என்று சொல்லவில்லை.

பக்கத்தில் இருந்த பெரியம்மாதான் அவள் மாமியார். நான் யார் என்று கேட்டார். ரெஜினா டாக்டர் ஆஸ்பத்திரி என்றேன். உடனே பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான அங்க டோக்கன் குடுக்கிய? நல்லா கேளுங்க தாயி. இவ பிள்ளையைத் தூக்கிட்டுத்தான் போனேன்னு இன்னைக்கு வரைக்கும் சாதிக்கா. டாக்டரம்மா பிள்ளையைக் கொண்டு வரலைன்னு சொல்லுதாக. அன்னைக்கு எங்க வீட்டுல யாரும் இல்ல, நாங்க பருத்திக்குக் களையெடுக்கப் போயிட்டோம். என்னதான் நடந்துச்சு, நீங்களே இவளுக்கு நேரா சொல்லுங்க."

செண்பகவள்ளி என்னையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிவிடு என்று வாய்விட்டுக் கேட்காமல், முகத்தால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னது இதுதான்: "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா. மொதல்ல பிள்ளை நல்லாகட்டும்."

அவள் குனிந்து திரும்பவும் பாலை ஆற்ற ஆரம்பித்தாள். மாமியார், "பாத்தியா, அவுக பெருந்தன்மையா பேசுதாக" என்றார்.

பழத்தையும் புத்தகத்தையும் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்தேன். நான் படியில் இறங்கும்போது பிள்ளை ஏதோ கேட்டது. கரகரத்த குரல், கிழவியின் குரல் மாதிரி இருந்தது.

நவம்பர் 18, திங்கள்

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாவிட்டாலும் இந்தத் தாளிலாவது.

பதினொன்றாம் தேதிப் பக்கத்தில் நான் எழுதியிருப்பது பொய். ஒன்பதாம் தேதி அவள் பிள்ளையோடு வந்தாள். நான் பார்த்தேன். சட்டை நனைந்திருந்தது தண்ணீரால் இல்லை. வாயோரத்திலிருந்து எச்சில் கயிறாக இறங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவள் முந்தானையால் துடைக்கத் துடைக்க வந்தது. பிள்ளை தூங்கவும் இல்லை. கண் திறந்திருந்தது. என்னைப் பார்ப்பதற்குக் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பியது. டாக்டர் ஒட்டிய தாள் அந்தப் பிள்ளையின் முகத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழ தூரத்தில் இருந்தது. நான்கில் இரண்டு அந்தப் பிள்ளையிடம் இருந்தன. தாளையும் பார்த்தேன், பிள்ளையையும் பார்த்தேன்.

எனக்குத் தெரியாமல் இல்லை. சரியாகத் தெரியவில்லை என்று இந்த ஒன்பது நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என் மனசில் ஓடியது, 'இப்ப கெஞ்சுதா பாரு' என்பதுதான். அவள் படிக்கட்டில் நின்ற அரை மணி நேரமும் எனக்கு ஒரு மாதிரி திருப்தியாக இருந்தது. அதுதான் உண்மை.

இன்னொன்றும் இருக்கிறது. ஜவுளிக்கடை வீட்டார் அன்றைக்கு வரவே இல்லை. பன்னிரண்டு மணிக்குப் போன் செய்து, பிள்ளைக்குச் சரியாகிவிட்டது, வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்போது செண்பகவள்ளி இன்னும் படிக்கட்டில்தான் நின்றிருந்தாள். முப்பத்தொன்பதாம் டோக்கன் என் டிராயரில் இருந்தது. எழுந்து ஐந்தடி நடந்து கூப்பிட்டிருந்தால் போதும். டிராயரைச் சாத்தினேன்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மூன்று தடவை டாக்டர் அறைக் கதவு வரை போனேன். ஒரு தடவை உள்ளே ஆள் இருந்தது. ஒரு தடவை டாக்டர் போனில் இருந்தார். ஒரு தடவை டாக்டர் தனியாகத்தான் இருந்தார். அப்போதும் திரும்பி வந்துவிட்டேன்.

பத்து மணிக்கு ஒரு தாய் எட்டு மாதப் பிள்ளையோடு வந்தாள். பிள்ளைக்கு வாயெல்லாம் எச்சில். நான் எழுந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பல்லு மொளைக்குது உலகம்மா. பயந்துட்டியா?" அந்தத் தாயும் சிரித்தாள். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நவம்பர் 20, புதன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. தண்ணீர் வரவில்லை.

நவம்பர் 21, வியாழன்

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் கடைசிப் பிள்ளை போனதும் உள்ளே போய் நின்றேன். டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிட்டு வந்துவிடுவேன் என்று பயம். ஒரே மூச்சில் சொன்னேன். எச்சில், கழுத்து, டிராயர், திங்கட்கிழமை சொன்ன பொய், வார்டில் மாமியார் கேட்டபோது வாய் மூடிக்கொண்டது எல்லாம். போன மாதச் சண்டையையும் சொன்னேன். அவள் கேட்டது நியாயம்தான், நான் ஆள் பார்த்துத்தான் டோக்கன் கொடுத்தேன் என்றேன்.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. டாக்டர் அதை மூட மறந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூடினார்.

"அந்தப் பொண்ணை நான் அத்தனை பேர் முன்னாடி திட்டினேன் உலகம்மா."

நான் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"ஐகிரவுண்டுக்கு அனுப்புன ரெஃபரல் சீட்டுலயும் எழுதிட்டேன். தாய் கவனக்குறைவு, தாமதம்னு. அவங்க கேஸ் ஷீட்டுல அதைப் பாத்துத்தான் எல்லாரும் அவளைப் பேசியிருப்பாங்க. நான் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேன். அவகிட்ட இன்னொரு வார்த்தை கேக்கலை."

"நான் வேலையை விட்டு நின்னுக்கிடுதேன் டாக்டர்" என்றேன். வரும்போதே யோசித்து வைத்திருந்த வாக்கியம் அது. அதைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "நின்னுட்டா உனக்கு லேசா இருக்கும். அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்? முதல்ல அவ வீட்டுக்குப் போய் நீயே சொல்லு. உன் வேலையைப் பத்தி அப்புறம் நான் முடிவு பண்றேன்."

சாயங்காலம் டிராயரைப் பூட்டி, சாவியை டாக்டர் வாங்கிக்கொண்டார். நாளையிலிருந்து டோக்கன் கொடுப்பதற்கு முன்னால் நர்ஸ் அமலி வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பார்ப்பாள். எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மாரிக்கனி என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

இவரிடம் முழுதும் சொன்னேன். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "நம்ம பிள்ளையா இருந்தா என்ன செஞ்சிருப்போம்?" என்றார். எங்கள் மகன் விருதுநகரில் பாலிடெக்னிக் படிக்கிறான். சின்னதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் நான் யார் காலிலும் விழுவேன். அதை இவர் சொல்லிக் காட்டவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

நேற்றுத்தான் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் தனியாகப் போனேன். இவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன்.

மேட்டுப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, செண்பகவள்ளியின் புருஷன் கருத்தப்பாண்டி வீடு எது என்று கேட்டேன். பிள்ளையைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் இருந்தார்கள். கருத்தப்பாண்டி கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தான். செண்பகவள்ளி உள்ளே அடுப்படியில் இருந்தாள். அவளைக் கூப்பிடுங்கள் என்றேன். அவள் ஈரக்கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். வெளியே வரவில்லை.

மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருக்க நினைத்தேன். அப்புறம் எனக்கே புரிந்தது, அதுவும் தப்பிக்கத்தான். அத்தனை பேர் இருக்கும்போதே சொன்னேன்.

"சனிக்கிழமை இவுக பிள்ளையைத் தூக்கிட்டுத்தான் வந்தாக. பிள்ளை எச்சில் முழுங்க முடியாம கெடந்ததை நான் பாத்தேன். டாக்டர்கிட்ட உடனே அனுப்பியிருக்கணும். எனக்கு இவுக மேல கோவம், அதனால அனுப்பல. கையில டோக்கன் இருந்துச்சு, குடுக்கல. பெறவு மாட்டிக்கிடுவோம்னு இவுக மட்டும்தான் வந்தாகன்னு பொய் சொன்னேன். இவுக மேல ஒரு தப்பும் இல்ல."

மாமியார்தான் முதலில் எழுந்தார். "அப்ப ஆஸ்பத்திரியில நான் கேட்டேனே, அப்பவாவது சொன்னியளா?" என்று கத்தினார். என்னென்னவோ சொல்லித் திட்டினார். எல்லாவற்றையும் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். அவர் திட்டும்போது எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்தது. ஒரு பெண், "இவளை எல்லாம் சும்மா விடக் கூடாது" என்றாள். கருத்தப்பாண்டி என்னைத் திட்டவில்லை. பிள்ளையைக் கட்டிலில் விட்டுவிட்டு எழுந்து மனைவியின் பக்கம் போனான். "ஏட்டி..." என்று மட்டும் சொன்னான். அவள் அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினாள்.

"ரெண்டு வாரமாச்சுக்கா. எல்லாரும் கொண்டு போகலை, கொண்டு போகலைன்னு சொல்லுதாக. எனக்கே சந்தேகம் வந்துட்டு. பஸ்ல அவளை மடியில வச்சிருந்தேனா, இல்ல நான்தான் அப்படி நெனச்சுக்கிடுதனான்னு. ஐ.சி.யூ. வாசல்ல உக்காந்து அந்தச் சனிக்கிழமையை ஒவ்வொண்ணா எண்ணி எண்ணிப் பாத்தேன். என்ன சேலை கட்டியிருந்தேன், எந்தப் படியில நின்னேன்னு. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னே நெனச்சேன்."

நான் மன்னிச்சிருங்க என்று கையைக் கூப்பினேன்.

"போயிட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. ஊரே என்னைப் பார்த்தது. நிழலில் போய் நிற்கவும் மனம் வரவில்லை.

நவம்பர் 28, வியாழன்

தாய் மேல் தப்பில்லை என்று டாக்டர் திருநெல்வேலி டாக்டருக்குக் கடிதம் அனுப்பிவிட்டார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. கவுன்டரிலேயே இரு என்றார். நான் வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டேன், பாத்திரம் கழுவுகிறேன், தரை துடைக்கிறேன் என்றேன். "அங்கதான் நீ இருக்கணும். அந்த இடத்துலதான் தப்பு பண்ணின" என்றார். ஒரு வருஷத்துக்குச் சம்பள உயர்வு கிடையாது என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. அந்த நிம்மதியும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கார அக்கா டோக்கன் கேட்டார்கள். வரிசையில் வாங்க அக்கா என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்கள்.

டிசம்பர் 2, திங்கள்

செண்பகவள்ளியும் கருத்தப்பாண்டியும் பிள்ளையைக் காட்ட வந்தார்கள். அமலி அவர்களை நேராக உள்ளே போகச் சொன்னாள். செண்பகவள்ளி மாட்டேன் என்றுவிட்டாள். "எங்களுக்கு இப்ப அவசரம் ஒண்ணும் இல்ல. டோக்கன் குடுங்க" என்றாள். பதினாறாம் எண். கொடுக்கும்போது என் விரல் அவள் கையில் படாமல் வாங்கிக்கொண்டாள். முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். தர்ஷிகா நாற்காலிகளுக்கு நடுவில் ஓடி, வேறொரு பிள்ளையின் பிஸ்கட்டை வாங்கித் தின்றது. நன்றாக விழுங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பார்த்து முடித்ததும் என்னை உள்ளே கூப்பிட்டார். எங்கள் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் மேசையில் இருந்தது.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு டாக்டர் வாசிச்சுச் சொன்னாக" என்றாள் செண்பகவள்ளி. "தாய் பிள்ளையைக் கொண்டு வரலைன்னு இருக்காம். நாளைக்கு இவ பெரிய மனுஷியாகி எடுத்துப் பாத்தா என்னைப் பத்தி என்ன நெனப்பா? மாத்தி எழுதணும். தமிழ்ல எழுதணும். இந்த அக்காதான் எழுதணும்."

டாக்டர் தன் வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். நான் எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. முடித்துவிட்டு அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

"வெளிய வந்து வாசிங்க."

"செண்பகம்..." என்றான் கருத்தப்பாண்டி.

"நீங்க சும்மா இருங்க. அன்னைக்கு வெளிய வச்சு, அத்தனை பேரு முன்னாடிதான சொன்னாக."

டாக்டர் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹாலில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். செல்போனில் பொம்மைப்படம் ஓடிக்கொண்டிருந்தது, அமலி அதை நிறுத்தச் சொன்னாள். நான் கவுன்டருக்கு முன்னால் நின்று வாசித்தேன்.

"நவம்பர் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, தர்ஷிகாவின் தாய் செண்பகவள்ளி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிள்ளை எச்சிலை விழுங்க முடியாமல் இருந்தது. நான் பார்த்தேன். டோக்கன் இருந்தும் கொடுக்கவில்லை. டாக்டரிடம் அனுப்பவில்லை. பிறகு பிள்ளையைக் கொண்டுவரவில்லை என்று பொய் சொன்னேன். இப்படிக்கு, க. உலகம்மாள், வரவேற்பு."

இரண்டு இடத்தில் நிறுத்தி, எச்சிலை விழுங்கிவிட்டு வாசித்தேன். சில தாய்மார் என்னைப் பார்த்தார்கள், சிலர் தங்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"அந்த மொத வரியை இன்னொரு மட்டம் வாசிங்க" என்றாள் செண்பகவள்ளி.

வாசித்தேன். 'பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்' என்ற இடத்தில் அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தாளை வாங்கி அமலியிடம் கொடுத்து ஒரு நகல் எடுத்துத் தரச் சொன்னாள். நகலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்து நடந்து போனாள்.

நான் உட்கார்ந்து பதினேழாம் எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எழுந்து வந்து, பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் அவள் பிள்ளையைப் பார்த்தேன்.